சாங்கியிலிருந்து மன்னார்குடிக்கு: சென்னையா, திருச்சியா?

வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் என் தாயாரை மன்னார்குடிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவருக்கு வயது 74. முழங்கால் வலி இருப்பதால் நெடுநேரம் காலை மடக்கி உட்கார முடியாது. மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது என்பதால், கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் அவருடைய தம்பி வீட்டுத் திருமணத்தை வைத்திருக்கிறார்கள். அவருடன் நானும் என் மனைவியும் தொடக்கநிலை 4இல் படிக்கும் எங்கள் மகளும் செல்கிறோம். சிங்கப்பூரின் ஈசூனிலுள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து கிளம்பி மன்னார்குடியில் மாமா வீட்டுத் திண்ணையில் அம்மாவை உட்கார வைக்கும்வரை எந்த வழியில் சென்றால் அவருக்கு அலைச்சல் குறையும் என்பதே எங்கள் முன்னிருந்த கேள்வி. சென்னைக்கு விமானங்கள் அதிகம், பெரிய விமானமும் கிடைக்கும், அதனால் சென்னைதான் நல்லது என்றார் என் மனைவி. ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் திருச்சி என்றார்கள். கோலாலம்பூர் வழியாகப் போனால் சீட்டு மலிவு என்றார் உறவினர் ஒருவர். ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால், ஒரு வார இறுதியில் உட்கார்ந்து தூரத்தையும் நேரத்தையும் முறையாகக் கணக்கிட்டுப் பார்த்தேன்.

முதலில் வான்வழித் தூரம். பூமியின் வளைவைக் கணக்கில் கொண்டு, இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளிலிருந்து மிகக் குறுகிய தூரத்தைக் கணித்தால், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 2,920 கி.மீ., திருச்சிக்குச் சுமார் 2,980 கி.மீ., மதுரைக்குச் சுமார் 3,010 கி.மீ., கோயம்புத்தூருக்குச் சுமார் 3,160 கி.மீ. வருகிறது. உண்மையில் விமானங்கள் வகுக்கப்பட்ட வான்வழித் தடங்களில் பறப்பதாலும், புறப்படும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதையின் திசைக்கேற்ப வளைந்து செல்ல வேண்டியிருப்பதாலும், பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் எல்லா ஊர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், ஒப்பிடுவதற்கு இந்த எண்களே போதும்.

இந்த எண்களில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரமே ஏறக்குறைய 290 கி.மீ. இருக்கிறது. அப்படியிருந்தும் சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 60 கி.மீ. மட்டுமே. மதுரையைச் சேர்த்துக்கொண்டாலும் அது 90 கி.மீ.தான். நிலப்படத்தில் சிங்கப்பூரில் கவராயத்தின் முள்ளை ஊன்றி ஒரு வில்லை வரைந்தால், அது சென்னைக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் மிக அருகில் செல்லும். தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதி நம் தீவை நடுவாகக் கொண்ட ஒரு வட்டத்தின் துண்டைப் போலச் சாய்ந்து கிடப்பதே இதற்குக் காரணம். ஆகவே எந்த விமான நிலையம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு வானத்தில் விடை இல்லை. விமானத்தைவிட்டு இறங்கிய பிறகு எவ்வளவு தொலைவு போக வேண்டும் என்பதில்தான் விடை இருக்கிறது.

மன்னார்குடிக்காரர்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் அந்தக் கணக்கில் கிடைத்தது. சாங்கியிலிருந்து திருச்சிக்கு இழுக்கப்படும் குறுகிய கோடு சுமத்ராவின் வடமுனையைக் கடந்து, வங்கக் கடலைத் தாண்டி, யாழ்ப்பாணத்துக்குச் சற்று வடக்காக வந்து, கோடியக்கரை, வேதாரண்யம் பக்கமாகத் தமிழ்நாட்டுக் கரையைத் தொடுகிறது. அதன் பிறகு மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே சென்று திருச்சியை அடைகிறது. அதாவது, கோட்டின்படி பார்த்தால், நாம் நம் ஊரை ஏறக்குறைய தலைக்கு மேல் கடந்து போய்த்தான் திருச்சியில் இறங்கித் திரும்பி வருகிறோம். இதைச் சொன்னதும் அம்மா, “அப்பல்லாம் நாங்க நாகப்பட்டணத்துலதான் ஏறுனோம். மெட்ராசுக்கு யாரு போனா?” என்றார். திருமணமான கையோடு 1972இல் ரஜூலா கப்பலில் வந்தவர் அவர். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் சுமார் 55 கி.மீ. தொலைவுதான். அதன் பிறகு பினாங்கைத் தொட்டுக் கொண்டு சிங்கப்பூர் வந்து சேர ஒரு வாரத்துக்கும் மேல் ஆயிற்று என்பார். கடலில் எத்தனை நாள் ஆனாலும், வீட்டுக்கு அருகிலுள்ள துறைமுகத்தைத் தேர்ந்தெடுப்பதே அந்தத் தலைமுறையின் வழக்கமாக இருந்திருக்கிறது.

இனி, தூரம் எப்படி நேரமாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் உயரத்தை எட்டிய பிறகு மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. ஏர்பஸ் 350, போயிங் 787 போன்ற பெரிய விமானங்கள் சுமார் 900 கி.மீ. வேகத்தில் செல்கின்றன. அந்த வேகத்தில் 60 கி.மீ. என்பது நான்கைந்து நிமிடங்களே. பெரிய விமானம் வேகமாகச் செல்வதால் சென்னை வரை கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மிச்சமாகலாம். ஆனால் பயணச்சீட்டில் போட்டிருக்கும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் வாயிலை விட்டு நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேரும் நிலையத்தில் வாயிலில் நிற்கும்வரை உள்ள முழு நேரத்தையும் அது குறிக்கிறது. சாங்கியில் ஓடுபாதைக்கு நகர்ந்து செல்வது, முறைக்காகக் காத்திருப்பது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் அட்டவணை. அதனால்தான் சென்னைக்கும் திருச்சிக்கும் நேரடி விமானங்களின் அட்டவணை நேரம் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கும் நாலரை மணி நேரத்துக்கும் இடையிலேயே அமைகிறது. இந்தக் கால் மணி, அரை மணி வேறுபாட்டைக் கொண்டு எந்த ஊரில் இறங்குவது என்று முடிவு செய்வது பொருளற்றது.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முந்தியது. காலை 9 மணிக்குச் சாங்கியில் புறப்பட்டு 4 மணி 15 நிமிடம் பறந்தால், திருச்சியில் அப்போது காலை 10.45 மணிதான் ஆகியிருக்கும். சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம் போலத் தோன்றும். இறங்கியவுடன் ஊரில் காலைப் பொழுதாக இருந்தாலும், வயதானவரின் உடம்புக்கு அது பிற்பகல் ஒன்றேகால் மணி. மதியச் சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் வந்துவிட்டிருக்கும். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை, சாப்பாடு ஆகியவற்றைச் சிங்கப்பூர் நேரத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம்.

காற்றின் பங்கும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலிய காற்றோட்டம் வீசுகிறது. இதை 1958இல் விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். இதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் மட்டத்துக்கு மேலே இருந்தாலும், அதன் கீழ்விளிம்பு விமானங்களுக்கு எட்டும். எனவே ஜூன் விடுமுறையில் செல்பவர்களுக்குப் போகும்போது காற்று துணையாகவும் திரும்பும்போது எதிராகவும் இருக்கக் கூடும். டிசம்பரில் இந்தக் காற்றோட்டம் இல்லை. எங்கள் கணக்கில் காற்றுக்கு இடமில்லை.

ஆக, தரையில் இறங்கிய பிறகுதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது.

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் நுழையாமல் மாத்தூர் வழியாகத் துவாக்குடிக்குச் சென்று, தஞ்சாவூர் நான்குவழிச் சாலையைப் பிடித்து, செங்கிப்பட்டி, வல்லம் தாண்டித் தஞ்சையை அடையலாம். இது சுமார் 55 கி.மீ. தஞ்சையிலிருந்து மன்னார்குடி 40 கி.மீ.க்குள் இருக்கிறது. மொத்தம் 90 முதல் 95 கி.மீ. வரை வரும். வழியில் ஒரு முறை நிறுத்தி அம்மாவைக் கீழே இறக்கி நடக்க வைத்தாலும் இரண்டரை மணி நேரம் போதும். 2024 ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் பழையதைவிடப் பல மடங்கு விசாலமானது. பழைய கட்டடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வெளிநாட்டு விமானங்கள் வந்துவிட்டால் குடிநுழைவு வரிசையில் பிள்ளைகளுடன் நிற்பது எவ்வளவு சிரமம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும். முனையத்திலிருந்து வெளியே வந்து கார் ஏறும் இடம்வரை நடக்க வேண்டிய தூரமும் சென்னையைவிடக் குறைவு. சக்கர நாற்காலியில் வருபவருக்கு இது சிறிய நன்மை அன்று.

சென்னையில் இறங்கினால் மன்னார்குடிக்குச் சாலை வழியாகச் சுமார் 310 கி.மீ. போக வேண்டும். தாம்பரம், பெருங்களத்தூர், செங்கல்பட்டு, திண்டிவனம் தாண்டி, விக்கிரவாண்டியில் திரும்பிப் பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாக வருவதே வழக்கமான தடம். பகலில் கிளம்பினால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் நிறுத்தும் நேரத்தைச் சேர்த்தால் ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. விடுமுறைக்கு முந்தைய மாலையாக இருந்தால் பெருங்களத்தூரையும் பரனூர்ச் சுங்கச்சாவடியையும் தாண்டுவதற்கே பொறுமை வேண்டும்.

ரயிலில் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயில் இருக்கிறது. எதிரே திரிசூலம் புறநகர் ரயில் நிலையமும் இருக்கிறது. சென்னை எழும்பூரிலிருந்து மன்னார்குடிக்கே நேராக மன்னை விரைவு வண்டி இரவில் ஓடுகிறது. தஞ்சாவூருக்கு உழவன் விரைவு வண்டி இருக்கிறது. மாலையில் சென்னையில் இறங்கி, இரவு வண்டியில் படுத்துத் தூங்கி, விடியற்காலையில் ஊர் நிலையத்தில் இறங்குவது இளவயதில் எனக்கு மிகவும் பிடித்த பயணம். கீழ்ப்படுக்கை கிடைத்தால் அம்மாவுக்கும் காரில் ஏழு மணி நேரம் உட்காருவதைவிடப் படுத்துக்கொண்டு போவது நல்லதுதான். ஆனால் திருமண நாள்களை ஒட்டி நால்வருக்கும் இடம் கிடைக்க வேண்டும். கீழ்ப்படுக்கை கிடைக்க வேண்டும். விமானம் தாமதமானால் வண்டி காத்திராது. எழும்பூரில் மூட்டை முடிச்சுகளோடு நடைமேடையைக் கண்டுபிடித்துப் போக வேண்டும். பேருந்தைப் பொறுத்தவரை, தெற்கே செல்லும் வெளியூர்ப் பேருந்துகள் இப்போது வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. விமான நிலையத்திலிருந்து அங்கே செல்வது கோயம்பேட்டுக்குள் நுழைந்து திரும்பிய காலத்தைவிட எளிது. எனினும் முழங்கால் வலி உள்ளவரை ஏழெட்டு மணி நேரம் பேருந்தில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் திருச்சிக்குப் போவதும் ஒரு வழி. பறக்கும் நேரம் ஒரு மணி நேரம்தான் என்பதால் தாளில் பார்க்கும்போது இது அழகாகத் தெரியும். நடைமுறையில் நாம் சென்னையிலேயே குடிநுழைவை முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு முனையத்துக்கு மாறி, மீண்டும் பாதுகாப்புச் சோதனையில் நிற்க வேண்டும். இரண்டு விமானங்களையும் தனித்தனிச் சீட்டாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. சில ஆண்டுகளுக்கு முன் நான் தனியாகச் சென்றபோது இப்படித்தான் ஒரு மாலை உள்நாட்டு விமானத்தைத் தவறவிட்டேன். புதிய சீட்டுக்குப் பணம் கட்டி, இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தேன். தனியாளாக இருந்ததால் தாங்கிக்கொண்டேன். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த இரவைக் கழித்திருக்கவே முடியாது.

எல்லாவற்றையும் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கூட்டிப் பார்த்தேன். ஈசூனிலிருந்து சாங்கிக்கு 40 நிமிடம், புறப்படுவதற்கு முன் சாங்கியில் இரண்டரை மணி நேரம் என்பது எல்லா வழிகளுக்கும் பொது. திருச்சி வழியில் அதனுடன் பறக்கும் நேரம் 4 மணி 15 நிமிடம், குடிநுழைவுக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம், கார் இரண்டரை மணி நேரம் சேர்ந்து ஏறக்குறைய 11 மணி நேரம் வருகிறது. சென்னையில் இறங்கிக் காரில் செல்வது 15 மணி நேரத்தைத் தாண்டுகிறது. சென்னையிலிருந்து உள்நாட்டு விமானத்தில் திருச்சிக்கு மாறுவதும், இடையில் மூன்று மணி நேரம் விட்டுக்கொண்டால், 14 மணி நேரத்தைத் தாண்டித்தான் நிற்கிறது. கூடுதலாக ஒரு விமானம் ஏறியும் காரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் மிச்சமாகிறது என்பது எனக்கே வியப்பாக இருந்தது. இரவு ரயில் என்றால் 19 மணி நேரம்வரை ஆகலாம், ஆயினும் அதில் ஏழு மணி நேரம் தூக்கம். இவை எங்கள் வீட்டுக் கணக்கு. உட்லண்ட்சில் இருப்பவருக்கும் பிடோக்கில் இருப்பவருக்கும் சில நிமிடங்கள் முன்பின் ஆகுமே தவிர, வழிகளுக்கு இடையிலான நாலரை மணி நேர வேறுபாடு மாறாது.

கோலாலம்பூர் வழியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாங்கியிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் ஏறக்குறைய 300 கி.மீ.; அங்கிருந்து திருச்சி சுமார் 2,690 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 2,990 கி.மீ. வருகிறது, அதாவது நேரடித் தூரத்தைவிடப் பத்து கி.மீ. மட்டுமே அதிகம். கோலாலம்பூர் நம் பாதையின் ஓரத்திலேயே இருப்பதுதான் காரணம். தூரத்தில் ஏறக்குறைய இழப்பே இல்லாத இந்த வழியில் நேரத்தில் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழப்பு இருக்கிறது, அதுவும் மாறும் நேரம் இரண்டரை மணியாக அமைந்தால்தான். சில நாள்களில் அது ஐந்தாறு மணி நேரமாகவும் அமைந்துவிடுகிறது. கொழும்பு வழியில் மொத்தத் தூரம் சுமார் 3,170 கி.மீ.; நேரடியைவிட 190 கி.மீ. அதிகம். கொழும்பிலிருந்து திருச்சிக்கு வெறும் 420 கி.மீ.தான் என்பதால் அந்தக் கடைசிப் பயணம் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் முடிந்துவிடும். பணத்தை மிச்சப்படுத்த விரும்பும் இளைஞர்கள், தனியாகச் செல்பவர்கள், கைப்பையோடு போகிறவர்கள் இந்த இரண்டு வழிகளையும் தாராளமாகப் பார்க்கலாம். அப்போதும் முழுப் பயணத்தையும் ஒரே சீட்டில், பெட்டி நேராகத் திருச்சிக்குப் போய்ச் சேரும்படி வாங்குவது முக்கியம். எங்களுக்கு இது பொருந்தாது. இரண்டு முறை ஏறி இறங்குவது என்பது அம்மாவுக்கு இரண்டு முறை சக்கர நாற்காலிக்குக் காத்திருப்பது என்று பொருள்.

சென்னைக்கு ஆதரவாக என் மனைவி சொன்னவற்றை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சென்னைக்கு இரண்டு நடைபாதை கொண்ட பெரிய விமானங்களை இயக்குகிறது. சாப்பாடும் பெட்டிக்கான அளவும் சீட்டிலேயே அடங்கிவிடுகின்றன. வயதானவர் கழிப்பறைக்கு எழுந்து நடப்பதற்கும் அங்கே இடம் கூடுதல். திருச்சியின் ஓடுபாதை ஏறக்குறைய 2,500 மீட்டர். சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,600 மீட்டருக்கும் மேல். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வருபவை ஒற்றை நடைபாதை விமானங்களே. அவற்றில் பெரும்பாலானவை மலிவுக் கட்டண நிறுவனங்களுடையவை என்பதால் இருக்கை, சாப்பாடு, பெட்டி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்த்து வாங்க வேண்டும். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சென்னைக்கு ஒரு விமானம் ரத்தானால் அன்றே வேறொன்றில் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. திருச்சிக்கு அப்படி எளிதில் கிடைக்காது.

அதே நேரம், ரத்தாகும் வாய்ப்பு எங்கே கூடுதல் என்றும் கேட்க வேண்டும். நாங்கள் செல்வது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையே நீரில் மூழ்கிப் பல நாள்கள் மூடப்பட்டது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலின்போதும் மீண்டும் மூட வேண்டியதாயிற்று. இந்தத் தேதிகளை எங்கள் பயணத் தேதியோடு வைத்துப் பார்த்தபோது மனம் திருச்சியின் பக்கம் மேலும் சாய்ந்தது. திருச்சி கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது. ஆனால் டெல்டாக்காரர்கள் இதில் நிம்மதி கொள்ள முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையைக் கடந்தபோது மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தென்னை மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டுக் கிடந்ததை நாங்கள் இங்கிருந்து தொலைபேசியில் கேட்டுக் கலங்கினோம். ஆகையால் திருமணத்துக்கு முந்தைய நாள் போய் இறங்குவதை விட்டு, நான்கு நாள் முன்னதாகவே போவதென்று முடிவு செய்தோம். பொங்கலுக்குச் செல்பவர்களுக்கும் ஒரு சொல்: போகியன்று விடியற்காலையில் சென்னையில் இறங்கும் விமானத்தைத் தவிர்ப்பது நல்லது. பனியோடு புகையும் சேர்ந்து பார்வைத் தெளிவு குறைந்து, 2018இல் பல விமானங்கள் தாமதமாயின, சில திருப்பி விடப்பட்டன.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேறாக அமையும். சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்தவர்களுக்கு மதுரை ஏற்றது. காரைக்குடிக்காரர்களுக்கு மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ ஒரே தூரம், ஆகவே சீட்டு விலையையும் நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிக்குக் கோயம்புத்தூர், நாகர்கோவிலுக்குத் திருவனந்தபுரம். சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவில் எங்கே பிரிவது என்று கேட்டால், என் கணக்கில் விழுப்புரம்தான் எல்லை. அதற்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள திண்டிவனம், புதுச்சேரி, காஞ்சிபுரம், வேலூர் எல்லாம் சென்னையைச் சேர்ந்தவை. அதற்குத் தெற்கே உளுந்தூர்ப்பேட்டை தொடங்கித் திருச்சியின் பக்கம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பள்ளி விடுமுறையிலும் தீபாவளி, பொங்கலை ஒட்டியும் திருச்சிச் சீட்டு ஏறிவிடும். அந்த நாள்களில் சென்னைச் சீட்டு குறைவாகத் தோன்றும். ஆனால் ஒப்பிடும்போது சீட்டு விலையை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையிலிருந்து 310 கி.மீ. செல்லும் காருக்கான வாடகை, ஓட்டுநர் படி, சுங்கச்சாவடிக் கட்டணங்கள், வழிச் சாப்பாடு ஆகியவற்றைச் சிங்கப்பூர் வெள்ளியாக மாற்றிச் சென்னைச் சீட்டோடு கூட்ட வேண்டும். திருச்சியிலிருந்து செல்லும் 95 கி.மீ. காருக்கும், தனியாக வாங்கும் பெட்டி எடைக்கும், சாப்பாட்டுக்கும் ஆகும் தொகையைத் திருச்சிச் சீட்டோடு கூட்ட வேண்டும். கார் வாடகை ஒருவர் சென்றாலும் நால்வர் சென்றாலும் ஒன்றுதான், சீட்டு விலை வேறுபாடோ ஆளுக்கு ஆள் பெருகும். எனவே தனியாளாகச் சென்றால் நீண்ட கார்ப் பயணம் சுமையாகும். பெரிய குடும்பமாகச் சென்றால் சென்னை மலிவாகவே முடியக் கூடும். எங்கள் நால்வருக்கும் கூட்டிப் பார்த்ததில் திருச்சி வழி சற்றுக் கூடுதலாகவே வந்தது. ஆனால் அந்தக் கூடுதல், அம்மாவை நாலரை மணி நேர அலைச்சலிலிருந்து விடுவிப்பதற்குக் கொடுக்கும் விலை என்று எடுத்துக்கொண்டபோது என் மனைவியே முதலில் சம்மதித்தார். பெட்டி எடையை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட்டோம். தேக்காவில் வாங்கும் கோடாலித் தைலமும் மைலோவும் உறவினர் வீடுகளுக்கு இல்லாமல் அம்மா விமானம் ஏற மாட்டார்.

திரும்பும் பயணத்துக்கு மட்டும் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது. இரவில் புறப்படும் விமானமென்றால் கடிகாரம் இப்போது நமக்கு எதிராகத் திரும்பும். திருச்சியில் நள்ளிரவு 1 மணிக்குப் புறப்பட்டால், சாங்கியில் காலை 7.45 மணி ஆகிவிடும். பறந்தது நாலேகால் மணி நேரமே, ஆனால் இரவில் ஏழு மணி நேரம் போனதுபோல் இருக்கும். தூக்கமோ மூன்று மணி நேரம்கூடக் கிடைக்காது. தேதியிலும் கவனம் வேண்டும். 14ஆம் தேதி நள்ளிரவு 1 மணி என்று சீட்டில் இருந்தால், 13ஆம் தேதி மாலையிலேயே மன்னார்குடியை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஒரு நாள் தவறிப் போய் நின்றவர்களை நான் அறிவேன். அதனால் திரும்பும்போது திருச்சியிலிருந்து பகலில் புறப்படும் விமானம் கிடைக்கும் நாளாகப் பார்த்தோம். அதற்காக ஊரில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியிருக்கிறது என்று சொன்னபோது அம்மா மறுப்பேதும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளில் இராஜகோபால சுவாமி கோயிலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் போய் வரலாம் என்று மட்டும் சொன்னார். சீட்டுகளை வாங்கிவிட்டேன்.